விளக்குகளுக்கு மேலே வானம்: வாசகர் கேள்வி – பதில்

நகரத்தில் வாழ்பவர்களுக்கு வானம் என்று ஏதாவது மிச்சமிருக்கிறதா என்ற கவலை, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பெருநகரத்தின் நடுவே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். மேகமில்லாத இரவில் மொட்டைமாடியில் நின்று எண்ணினால் இருபது விண்மீன்கள்கூடத் தேறுவதில்லை. இந்த வானத்தை நம்பித் தொலைநோக்கி வாங்குவது வீண் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதானா?
— ஒரு கல்லூரி மாணவி

பதில்: உண்மையில்லை. ஆனால் எதைப் பார்க்க விரும்பி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே தொலைநோக்கி உங்களுக்கு நிறைவு தரும். எனவே நகர விளக்குகள் எதைப் பறிக்கின்றன, எதைத் தொடாமல் விடுகின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய விண்மீன்கள் முழு வானத்துக்கும் சேர்த்துச் சுமார் 9,000 இருக்கும். விண்மீன்களின் வெளிச்சத்தை ஒளித்தரம் என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூட விண்மீன் மங்கல் என்று பொருள். இருண்ட கிராமப்புறத்தில் ஆறாம் தரம் வரை கண்ணுக்கு எட்டும். நகரத்தின் நடுவில் மூன்றாம் தரத்தோடு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அளவுக்குப் பிரகாசமானவை முழு வானத்திலும் இருநூறுக்கும் குறைவு. அவற்றிலும் பாதி எந்நேரமும் அடிவானத்துக்குக் கீழே இருக்க, மேலே இருப்பவற்றில் ஒரு பகுதியைக் கட்டடங்களும் புகைமூட்டமும் மறைத்துவிடுகின்றன. ஆகவே இருபது என்ற உங்கள் கணக்கில் பிழை ஏதும் இல்லை.

நகரத்தில் உண்மையில் இழக்கப்படுவது மங்கலாகப் பரந்து கிடக்கும் பொருள்கள்தான். பால்வழி, விண்மீன் திரள்கள் (கேலக்ஸிகள்), வாயுவும் தூசியும் கொண்ட மேகங்களான நெபுலாக்களில் பெரும்பாலானவை ஆகியவற்றின் ஒளி ஒரு பரப்பில் பரவியிருப்பதால், விளக்குகளால் வெளுத்துப்போன வானத்தின் பின்னணியில் அவை கரைந்துவிடுகின்றன. நிலவும் கோள்களும் அப்படிக் கரைவதில்லை. வியாழனின் மேகப் பட்டைகளும், சனியின் வளையமும், நிலவின் பள்ளங்களும் நகரத்தின் நடுவிலிருந்து பார்க்கும்போதும், நூறு கிலோமீட்டர் தள்ளி வெட்டவெளியில் பார்க்கும்போதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். இரட்டை விண்மீன்களும் அவ்வாறே. விண்மீன் ஒரு புள்ளி. தொலைநோக்கியின் உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது பின்னணி வானத்தின் வெளிச்சம் பரவி மங்கும், விண்மீன் புள்ளியாகவே நிற்கும். அதனால்தான் உங்கள் கண்ணுக்கு இருபது மட்டுமே தெரியும் அதே மாடியில், ஒரு சிறிய தொலைநோக்கி ஆயிரக்கணக்கான விண்மீன்களைக் காட்டிவிடுகிறது.

மாடியில் நிற்கும்போது வேறொன்றையும் கவனியுங்கள். வானத்தின் பொதுவான வெளுப்பைக் காட்டிலும், கண்ணில் நேராக வந்து அடிக்கும் பக்கத்துக் கட்டட விளக்குதான் அதிகம் கெடுக்கும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகின்றன; ஒரு நொடி கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் குலைந்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றோ, தலைமீது ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டோ பாருங்கள். இருபது நாற்பதாகும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: முதலில் வாங்க வேண்டியது பைனாகுலரா, தொலைநோக்கியா? விளம்பரங்களில் 500 மடங்கு, 600 மடங்கு என்று போடுகிறார்களே, எத்தனை மடங்கு பெரிதாக்குவது நல்லது?
— தனியார் நிறுவனப் பணியாளர்

பதில்: மடங்கைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கும் தொலைநோக்கியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். என் முதல் தொலைநோக்கி அப்படிப்பட்டதுதான். முக்காலி மெலிந்த கம்பிபோல் இருந்தது; குழாயைத் தொட்ட ஒவ்வொரு முறையும் நிலவு பத்து நொடி ஆடியது. விற்ற கடைக்காரர் சொன்ன மடங்கில் எதுவுமே தெளிவாகத் தெரியவில்லை. என்னிடம்தான் குறை என்று நினைத்து ஓராண்டு அதை மூலையில் போட்டுவிட்டேன். வானத்தில் ஆர்வம் கொண்ட எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான் கைவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் நிலையான குணமே அல்ல. குழாயின் குவியத் தூரத்தை, அதாவது ஒளி ஒரு புள்ளியில் குவிய எடுத்துக்கொள்ளும் தூரத்தை, கண்ணருகு லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதே அது: 1,000 மில்லிமீட்டர் குழாயில் 25 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் 40 மடங்கு, 10 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் 100 மடங்கு. லென்ஸை மாற்றி எந்த எண்ணையும் எட்டிவிடலாம். படம் தெளிவாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது முகப்பு லென்ஸின் அல்லது ஆடியின் விட்டமே. ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பது நடைமுறை உச்சவரம்பு. அதன்படி 60 மில்லிமீட்டர் தொலைநோக்கிக்கு 120 மடங்குக்கு மேல் போனால் வெறும் மங்கல்தான் பெரிதாகும். அந்த வரம்பையும் பெரும்பாலான இரவுகளில் காற்றின் கொதிப்பு எட்டவிடாது. கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்கு பெரிதாக்கும் கருவியால்தான் என்பதை நினைவில் வைத்தால் இந்த எண் மயக்கம் தெளிந்துவிடும்.

எனவே என் பரிந்துரை, முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது எண் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். கார்த்திகை விண்மீன்கள் நகர வானில்கூட அதில் கொத்தாக விரியும். சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் வியாழனின் நிலவுகளும் தெரியும். மூன்று நான்கு மாதம் வானம் பழகிய பிறகும் ஆசை தணியாவிட்டால், தரையில் வைக்கும் பெட்டித் தாங்கியுடன் வரும் 130 அல்லது 150 மில்லிமீட்டர் ஆடித் தொலைநோக்கி. அதைவிடப் பெரியதை வாங்குமுன் மாடிப்படியைப் பாருங்கள். தூக்கிக்கொண்டு ஏற முடியாத தொலைநோக்கி வாரத்துக்கு ஒருமுறைகூட வெளியே வராது.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பௌர்ணமி அன்று எல்லோரையும் அழைத்து நிலவைக் காட்டலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். வேறு ஏற்பாடு ஏதாவது தேவையா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: தேதியை மட்டும் மாற்றிவிடுங்கள். பௌர்ணமியில் சூரிய ஒளி நிலவின் மேல் நேராக விழுவதால் எங்கும் நிழல் இராது. நிழல் இல்லாவிட்டால் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை, கூசும் வெள்ளைத் தட்டு மட்டுமே. வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமி வரை உகந்த நாள்கள். நிலவில் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின் அருகே பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். அட்டமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து, 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளத்தில் விடியல் வருவதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. வளர்பிறையில் நிலவு மாலையிலேயே உயரத்தில் இருப்பதால் பிள்ளைகளும் தூங்கப் போகுமுன் பார்த்துவிடலாம்.

கேள்வி: நான்கு மாதமாக ஞாயிறு மாலைகளில் பூங்கா வாசலில் என் தொலைநோக்கியை வைத்து, போவோர் வருவோருக்குக் காட்டுகிறேன். பலர் ஏதோ விற்கிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள். வந்து பார்க்கும் சிலரும் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். தொடரவா, விட்டுவிடவா?
— தொலைநோக்கி வைத்திருக்கும் ஒருவர்

பதில்: விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட நீளமாகப் பதில் எழுதப் போகிறேன். ஏனென்றால், நகரத்துக்கு இன்று தேவைப்படும் வானியல் பணி நீங்கள் செய்வதுதான் என்று நம்புகிறேன்.

இந்தப் பணிக்கு ஒரு முன்னோடி உண்டு. ஜான் டாப்சன் 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். வேதியியல் படித்துவிட்டு, 1944இல் சான்பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். கையில் பணமில்லாததால், கப்பல்களிலிருந்து கழிக்கப்பட்ட சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியின் மேல் சுழலும்படி வைத்தார். மடத்தின் மதிலுக்கு வெளியே அக்கம்பக்கத்தாருக்கு வானத்தைக் காட்டுவது அவருடைய வழக்கமாயிற்று. 1967இல் மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்த பிறகு, அடுத்த ஆண்டே நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பு அவரைச் சுற்றி உருவானது. முந்தைய பதிலில் நான் சொன்ன பெட்டித் தாங்கி இன்று உலகெங்கும் அவர் பெயரால் டாப்சோனியன் என்றே அழைக்கப்படுகிறது. 2014இல் 98ஆம் வயதில் அவர் இறக்கும்வரை, தொலைநோக்கியின் மதிப்பை அதன் அளவைக் கொண்டு அவர் எடைபோடவில்லை. எத்தனை பேர் அதன் வழியே பார்த்தார்கள் என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

இனி உங்கள் இரு சிக்கல்களுக்கு வருகிறேன். ஒதுங்கிப் போகிறவர்களுக்கு, "கட்டணம் இல்லை, நிலவைப் பாருங்கள்" என்று தடித்த எழுத்தில் எழுதிய ஓர் அட்டை போதும். மக்கள் எங்கே நிற்பார்கள் என்பதையும் யோசியுங்கள். பூங்கா வாசலில் எல்லோரும் நடந்துகொண்டிருப்பார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்துக்கு அருகே, யாருடைய வழியையும் மறிக்காமல் வைத்தால், நேரம் இருப்பவர்கள் தாமாகவே வருவார்கள். தெருவிளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். நிலவுக்கும் கோளுக்கும் இருட்டு தேவையில்லை. வருகிறவர்களுக்கோ, கால் இடறாமல் நிற்கக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும்.

"இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. விண்கலங்கள் எடுத்து, பல மணிநேர ஒளியைச் சேர்த்து, நிறம் கூட்டி வெளியிட்ட படங்களையே அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கண்ணில் நிறத்தை உணரும் செல்களுக்கு நிறைய ஒளி வேண்டும். மங்கலான பொருளைக் கண் சாம்பல் நிறத்தில்தான் காணும். ஆகவே கண்ணை வைக்குமுன்பே, என்ன தெரியும், எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். "ஒரு மிளகளவு தெரியும், அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால், வியாழனைப் பார்ப்பவர் தேடத் தொடங்குவார். தேடிக் கண்டவருக்கு அது தாமே கண்டுபிடித்ததாகிவிடும். நெபுலாவை ஒருபோதும் முதலில் காட்டாதீர்கள். நிலவு இருக்கும் இரவில் நிலவுதான் முதலில், பிறகு சனி அல்லது வியாழன், அதற்கு மேலும் நிற்பவர்களுக்கு மட்டும் ஓர் இரட்டை விண்மீன். சப்தரிஷி மண்டலத்தின் வசிட்டரையும் அருந்ததியையும் வெறும் கண்ணால் காட்டிவிட்டு, வசிட்டரே இரண்டாகப் பிரிவதைத் தொலைநோக்கியில் காட்டினால், வரிசையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளத் தொடங்குவார்கள்.

வரிசையை நடத்துவதும் ஒரு கலை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அரைப் பாகை அகலமுள்ள பார்வைப் புலத்தின் நடுவில் வைத்த பொருள் ஒரே நிமிடத்தில் ஓரத்துக்குப் போய்விடும். "ஒன்றும் தெரியவில்லை" என்பவர் பெரும்பாலும் உண்மையையே சொல்கிறார். இரண்டு பேருக்கு ஒருமுறை நீங்களே பார்த்துச் சரிசெய்யுங்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் புலம் அகலமாக இருப்பதால் இந்தத் தொல்லை குறையும். பிள்ளைகளுக்கு ஏறி நிற்க ஒரு முக்காலி கட்டாயம் வேண்டும். அவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளாமல் பார்க்க மாட்டார்கள், ஆகவே பிடிக்க ஒரு நாற்காலியின் முதுகைக் கொடுத்தால் குழாய் தப்பிக்கும்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்து மட்டும் இந்த மாலைகளை அளக்காதீர்கள். ஒருமுறை பணி முடிந்து நான் பொருள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்டடத்து இரவுக் காவலர் வந்து, இரண்டு வருடமாகத் தம்மிடம் ஒரு கேள்வி இருப்பதாகச் சொன்னார். அவர் உட்காரும் இடத்திலிருந்து தெரியும் ஒரு பெரிய விண்மீன், போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் இல்லை. அருகிலிருந்த செந்நிற விண்மீனைவிட்டு விலகிக் கிழக்கே போயிருக்கிறது, தமக்குத்தான் கண் கெட்டுவிட்டதா என்று கேட்டார். அவர் பார்த்தது வியாழன். செந்நிற விண்மீன் ரோகிணி. வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆவதால், ஆண்டுக்கு ஓர் இராசி நகர்கிறது. பண்டைய வானியலாளர்கள் செய்த நோக்கீட்டை, பெயர்கூடத் தெரியாமல், அந்த மனிதர் விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து தனியாகச் செய்திருக்கிறார். கேட்க ஆளில்லாததால் இரண்டு வருடம் அந்தக் கேள்வி அவரிடமே இருந்திருக்கிறது. நீங்கள் பூங்கா வாசலில் நிற்பதை நிறுத்தினால் அப்படிப்பட்டவர் யாரிடம் கேட்பார்?

கேள்வி: என் தொலைநோக்கியில் சனியின் வளையம் படங்களில் இருப்பதுபோல் அகலமாக இல்லாமல் மெல்லிய கோடாகத் தெரிகிறது. கருவியில் பழுதா?
— பள்ளி மாணவர்

பதில்: பழுது இல்லை. சனி சாய்ந்த அச்சோடு சூரியனைச் சுமார் 29 ஆண்டுகளில் சுற்றிவருகிறது. அதனால் வளையத்தின் தளத்தை நாம் ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை விளிம்பாகப் பார்க்க நேர்கிறது. 2025 மார்ச்சில் அப்படி நேர்ந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு வளையம் விரியும். 2030களின் தொடக்கத்தில் நன்றாகத் திறந்திருக்கும். இப்போதிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 68. இந்த வயதில் தொலைநோக்கி வாங்கினால் என் கண் ஒத்துழைக்குமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: நகரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் பொருள்களுக்குத் தாராளமாக ஒத்துழைக்கும். இளம் வயதில் இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் கண்பாவை, முதுமையில் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகவே விரிகிறது. இருண்ட வானில் பால்வழியைப் பைனாகுலரில் பார்க்கும்போது இந்த வேறுபாடு உறைக்கும். கோள்களைப் பார்க்கும்போது உறைக்காது: 150 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் 150 மடங்கு வைத்தால், கண்ணருகு லென்ஸிலிருந்து வரும் ஒளிக்கற்றையின் அகலமே ஒரு மில்லிமீட்டர்தான், அது உள்ளே போக இளம் கண் வேண்டியதில்லை. கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்கு மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். முதிர்ந்த கண்களுக்குப் பொறுமை கூடுதல் என்பதும் ஒரு நன்மைதான். காற்று ஒரு நொடி அடங்கி வியாழனின் பட்டைகள் திடீரென்று கூர்மையாகும் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பவருக்கே அது கிடைக்கும்.

கேள்வி: என் எட்டு வயது மகன் சூரியனையும் தொலைநோக்கியில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கறுப்புக் கண்ணாடி அணிந்து பார்க்கலாமா?
— ஒரு தாய்

பதில்: கூடவே கூடாது. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படத்தாள், புகை படிந்த கண்ணாடி எதுவும் பாதுகாப்பு அல்ல. கிரகணம் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட தரமான கண்ணாடியைக்கூடத் தொலைநோக்கியோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. குழாய் குவித்து அனுப்பும் வெப்பம் அதை எரித்துவிடும். விழித்திரையில் வலி உணர்வு கிடையாது என்பதால், பார்வை போகும்போது பிள்ளைக்கு வலிக்காது. அவன் கத்த மாட்டான், உங்களுக்கும் தெரியாது.

பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. சூரியனுக்கென்று தயாரிக்கப்பட்ட வடிகட்டியைக் குழாயின் முகப்பில், அதாவது ஒளி உள்ளே நுழையும் இடத்தில், காற்றில் கழன்றுவிடாதபடி இறுக்கமாகப் பொருத்த வேண்டும். வழிகாட்டியாகப் பக்கத்தில் இருக்கும் சிறு தொலைநோக்கியை மூடியிட்டு மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் வடிகட்டியில் கீறல், துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவர் கருவியைவிட்டு ஒரு நொடியும் நகரக் கூடாது. கண்ணருகு லென்ஸில் திருகும் சிறிய கறுப்பு வடிகட்டி உங்கள் கருவியோடு வந்திருந்தால் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். இவை எல்லாம் முறையாக அமைந்தால், சூரியப் புள்ளிகள் நாளுக்கு நாள் நகர்வதைப் பார்த்து, சூரியனும் சுழல்கிறது என்பதை உங்கள் மகனே கண்டுகொள்வான். நகரத்தின் ஒளிமாசு சிறிதும் பாதிக்காத வானியல் அது ஒன்றுதான்.

கேள்வி: ஒளிமாசு வடிகட்டி என்று விற்கிறார்களே, அதைப் பொருத்தினால் நகரத்திலிருந்தே எல்லாம் தெரியுமா?
— பொறியாளர்

பதில்: எல்லாம் தெரியாது. பழைய சோடியம் விளக்குகளின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் நிறத்தின் குறுகிய பகுதியில் இருந்தது. அதை மட்டும் தடுப்பது எளிதாக இருந்தது. எல்.இ.டி. விளக்கு எல்லா நிறங்களிலும் ஒளிர்வதால் தடுக்கத் தனியிடம் இல்லை. ஓரியன் நெபுலா போன்ற ஒளிரும் வாயு மேகங்களுக்கு மட்டும், ஆக்சிஜன் வெளியிடும் பச்சை நிறக் கோடுகளை அனுமதித்து மற்றதைத் தடுக்கும் குறும்பட்டை வடிகட்டி உண்மையாகவே உதவும். விண்மீன் திரள்களின் ஒளி விண்மீன்களின் ஒளியே என்பதால் அதற்கு வடிகட்டி பயன்படாது. கோள்களுக்குத் தேவையே இல்லை.

கேள்வி: எங்கள் தெருவில் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு வானம் இன்னும் வெளுத்துவிட்டதுபோல் தோன்றுகிறது. இது என் பிரமையா? நம்மால் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?
— வங்கி ஊழியர்

பதில்: பிரமை அல்ல. காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. அலைநீளம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சிதறல் கூடுவதால், 450 நானோமீட்டர் நீல ஒளி 600 நானோமீட்டர் செம்மஞ்சள் ஒளியைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறும். பகல் வானம் நீலமாக இருக்கும் அதே காரணம்தான் இரவில் நமக்குக் கேடாகிறது. 2016இல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடத்தின்படி, உலக மக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஒளிமாசுள்ள வானத்தின் கீழ் வாழ்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கினரால் பால்வழியைப் பார்க்க முடியாது.

2023இல் வெளியான ஓர் ஆய்வு என்னை இன்னும் அதிகம் பாதித்தது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் தங்கள் வீட்டிலிருந்து வெறும் கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தபோது, வானத்தின் வெளுப்பு சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூடிவந்தது தெரிந்தது. அதாவது எட்டாண்டுக்குள் இரட்டிப்பு. செயற்கைக்கோள் அளவீடுகளில் இந்த வேகம் தெரியவில்லை, ஏனெனில் அவற்றின் உணரிகள் எல்.இ.டி.யின் நீல ஒளியைச் சரியாகக் காண்பதில்லை. மனிதக் கண்கள் கண்டுவிட்டன.

செய்யக்கூடியது நிறைய உண்டு. மற்ற மாசுகளைப்போல் இதைத் துப்புரவு செய்யப் பல்லாண்டு ஆகாது. விளக்கை அணைத்த நொடியே நீங்கிவிடும் மாசு இது. இருட்டில் தெரு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவில் தனியாக நடந்துவரும் பெண்ணுக்கும் முதியவருக்கும் வெளிச்சம் தேவை. மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் அவர்களுக்கு உதவுவதில்லை. கண்ணைக் கூசவைத்து நிழலில் இருப்பதை மறைக்கவே செய்கிறது. மேற்புறம் மூடியிட்டுக் கீழ்நோக்கி மட்டும் ஒளிவிடும் விளக்கு, 3,000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மேற்படாத இளமஞ்சள் நிறம், ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் தானே மங்கும் அமைப்பு ஆகிய மூன்றையும் உங்கள் குடியிருப்பின் வளாகத்திலிருந்தே தொடங்குங்கள். மின்கட்டணமும் குறையும் என்பதால் கூட்டத்தில் எதிர்ப்பு அதிகம் இராது.

கேள்வி: நகரத்தில் இருந்துகொண்டு அறிவியலுக்குப் பயன்படும்படி ஏதாவது செய்ய முடியுமா, அல்லது வெறும் பொழுதுபோக்குதானா?
— முதுகலை இயற்பியல் மாணவர்

பதில்: முடியும். வில்லியம் ஹெர்ஷல் என்ற இசைக்கலைஞர் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டது பாத் நகரத்தில் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து. காது கேளாத இளைஞரான ஜான் குட்ரிக், 1782இல் யார்க் நகரில் அல்கோல் விண்மீன் ஒழுங்காக மங்கித் தெளிவதைக் கவனித்து, இரண்டு நாள் 21 மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான அதன் கால இடைவெளியைக் கணித்தார். அப்போது அவருக்கு 18 வயது. அந்தக் காலத்து நகரம் இருட்டாக இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அல்கோலின் ஒளித்தரம் 2.1க்கும் 3.4க்கும் இடையே மாறுவதால், இன்றும் பைனாகுலர் இருந்தால் நகரத்திலிருந்தே முழுமையாகப் பின்தொடரலாம்.

2019 இறுதியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் 1.6 தரத்துக்கு இறங்கியதை மாநகர நடுவிலிருந்தே வெறும் கண்ணால் கணித்தவர்கள் ஏராளம். விண்மீன் வெளியேற்றிய பொருள் குளிர்ந்து தூசியாகி அதன் ஒரு பகுதியை மறைத்தது என்று பின்னர் விளங்கியது. 1911 முதல் இயங்கிவரும் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம், எந்நாட்டவரின் பதிவையும் ஏற்றுக்கொள்கிறது. பக்கத்திலுள்ள இரு விண்மீன்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதே முறை. ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

கேள்வி: நகரத்திலிருந்து கண்ணுக்கு எட்டக்கூடிய மிகத் தொலைவான பொருள் எது?
— இல்லத்தரசி

பதில்: வெறும் கண்ணுக்கு இல்லை, ஆனால் பைனாகுலர் இருந்தால் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் எட்டும். தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. நவம்பர், டிசம்பர் மாதங்களில், நிலவில்லாத முன்னிரவில், பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து அமைக்கும் பெரிய சதுரத்தைத் தேடுங்கள். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து வடகிழக்காகவே நீளும் வரிசையில் பிரகாசமான அடுத்த விண்மீன் மிராக். அங்கிருந்து வடமேற்காகத் திரும்பினால் மங்கலான இரண்டு விண்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டாவதன் அருகே, முட்டை வடிவத்தில், துடைத்துவிட்ட சுண்ணாம்புக் கறைபோல் ஒன்று இருக்கும். நேராகப் பார்த்தால் மறையும். பார்வையைச் சற்று ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்; மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. முதல் இரவில் கிடைக்காவிட்டால், தெருக் கடைகளின் விளக்குகள் அணைந்த பிறகு, திரள் மேற்கே சாய்ந்துவிடுமுன், இன்னொரு முறை மாடிக்குப் போய்ப் பாருங்கள்.